தானியேல் சாரின் மினுக்கு

ஐம்பத்தெட்டு வயதில் தானியேல் சாருக்கு மினுக்கு ஆசை வந்துவிட்டது.

அதை முதலில் கண்டுபிடித்தவள் அவர் மனைவி சாலோமி. அலமாரியில் அவருடைய பனியன்களுக்கு அடியில் ஒரு சின்ன பாட்டில். வைட்டமின் சி என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே ராத்திரி பூசுகிற வைட்டமின் ஏ க்ரீம்.

"இதெல்லாம் யாருக்கு?"

"எனக்குத்தான்," என்றார் தானியேல், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"திங்கிற வைட்டமினத் தெரியும். மூஞ்சில பூசுத வைட்டமின இப்பத்தான் பாக்கேன்."

"பழைய பருத் தழும்புக்கு நல்லதுன்னு டாக்டரம்மா சொன்னாவ."

வாலிபத்தில் பரு வந்துபோன குழிகள் அவர் கன்னத்தில் உண்டு. முப்பது வருஷமாக அந்தக் கன்னத்தோடுதான் சாலோமி குடித்தனம் நடத்துகிறாள். ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

பூசுவதோடு நிற்கவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை வண்ணார்பேட்டைக்குப் போய், தோல் டாக்டரிடம் முகம் பூராவும் பொடி ஊசிகளால் குத்திக்கொண்டு வந்தார். குத்தின இடத்தில் புதுத் தோல் வளர்ந்து குழி மேடேறுமாம். மூன்று நாளைக்கு முகம் தக்காளியாகச் சிவந்து கிடக்கும். வெயில் படக்கூடாதென்று மார்க்கெட்டுக்குக் குடை பிடித்துப் போனார். மழைக்கே குடை எடுக்காத மனுஷன்.

"என்னவே தானியேலு, மறுபடியும் மாப்பிள்ளை ஆகப்போறீரா?" என்று கோயில் வாசலில் வைத்து எஸ்றா வாத்தியார் கேட்டார். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

கேலியைக்கூடச் சாலோமி பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது வேறு.

மகள் ஸ்வீட்லினுக்கு இருபத்திரண்டு வயது. பருவுக்காக எட்டு மாதம் கடுமையான மாத்திரை சாப்பிட்டாள். பரு போனது, குழிகள் தங்கிவிட்டன. மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் கழித்து ஊசி வைத்தியம் செய்யலாம் என்றார் டாக்டர். "மூஞ்சில ஊசியா? செத்தாலும் மாட்டேன்" என்று வந்து அறைக் கதவைச் சாத்தியவள்தான். பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்ற பிள்ளை, ஒரு வருஷமாகக் கோயிலுக்கே வரவில்லை. வீட்டுக்குள்ளேயே முகத்தைச் சுற்றித் துப்பட்டா. அவள் மறுபடி ஒருநாள் வெளியே வந்து பாடிவிட மாட்டாளா என்று சாலோமி ஏங்கிக் கிடந்தாள்.

"பெத்த பிள்ள மூஞ்சிய மூடிக்கிட்டு கெடக்கா. ஒங்களுக்கு மினுக்கு கேக்குதாக்கும்?"

தானியேல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பொறுத்தது போதும் என்று சாலோமி, கோயில் பெட்டியில் ஒரு ஜெபச் சீட்டு எழுதிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சீட்டை வாசித்துச் சபையே ஜெபிக்கும். பெயரை மட்டும் கவனமாக எழுதாமல் விட்டாள். மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டாள்.

குருவானவர் வாசித்தார்: "ஐம்பத்தெட்டு வயதில் முகத்துக்கு வைட்டமின் பூசி, ஊசி குத்திக்கொண்டு, பெற்ற மகளை மறந்துவிட்ட தன் கணவருக்காக ஒரு சகோதரி ஜெபிக்கக் கேட்கிறார்."

மொத்தக் கோயிலும் ஆண்கள் பக்கம் திரும்பியது. அங்கே தானியேல் சார் சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் ஊசி. எஸ்றா வாத்தியார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் சாலோமிக்கு, பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம்."

பக்கவாசலில் ஸ்வீட்லின் நின்றாள். துப்பட்டா தோளில் கிடந்தது. நெற்றி, கன்னம், தாடை எல்லாம் அப்பாவுக்குப் போலவே சிவந்திருந்தது. எல்லாரும் பார்க்க நடு வழியில் நடந்து வந்து, பாடகர் குழுவின் முதல் வரிசையில் தன் பழைய இடத்தில் நின்றாள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

"நேத்து எனக்கும் ஊசி குத்தியாச்சு. அம்மா பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தப்போ அப்பாதான் கூட்டிட்டுப் போனாவ."

சாலோமி மகளையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்த ஆறு மாசமும் நீயும் வான்னு அப்பா என்னை ஒரு வார்த்த கூப்பிடல. ஒவ்வொரு தடவையும் குத்திட்டு வந்ததும் என் கதவுக்கு முன்னால நின்னு, 'வலிக்கவே இல்ல பிள்ள, எறும்பு கடிச்ச மாதிரிதான்'னு சொல்லிட்டுப் போவாவ. அவ்வளவுதான். கன்னத்துக் குழி பைய பைய மேடேறுதத நானே பாத்தேன். பொறவுதான் எனக்குத் தைரியம் வந்துச்சு."

சாலோமி எழுந்தாள். கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், அத்தனை பேர் பார்க்க ஆண்கள் பக்கம் போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கோயிலில் அதுவரை எந்தப் பெண்ணும் அப்படி உட்கார்ந்ததில்லை.

"எங்கிட்டயாவது சொல்லிருக்கக் கூடாதா?"

தானியேல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

குருவானவர் சீட்டை மடித்தபடி கேட்டார். "அப்போ அப்பாவுக்காக என்னம்மா ஜெபிக்கணும்?"

"இன்னும் ஒரு ஊசி பாக்கி இருக்கு ஐயா, அதுக்குத் தைரியம் குடுக்கணும்னு ஜெபிங்க," என்றாள் ஸ்வீட்லின். "ஒவ்வொரு தடவையும் ஊசியப் பாத்ததுமே அப்பா மயங்கி விழுந்துருவாவளாம். நேத்துதான் டாக்டரம்மா சொன்னாவ."