மூன்றாம் நம்பர் ஷெட்

"நீ நல்லாயிருப்பியா? ஒன் குடும்பம் வெளங்குமா?"

மூக்காயி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, கம்பெனி வாசலில் நின்ற வாட்ச்மேன் அடைக்கலத்தின் முன்னால் தூற்றினாள்.

அடைக்கலம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கும் ஆள் எடுக்கலை தாயி. போ."

"மெசின் ஓடுறது ஊருக்கே கேக்குது. ஆளில்லாமயா ஓடுது? ஒன் சனத்தைப் பூராம் கொல்லப்பக்கமா விட்டுட்டு, எங்களை வாசல்லயே வெரட்டுறியா?"

அவள் வயிற்றெரிச்சல் நியாயம்தான். ஐந்தாண்டுத் திட்டத்தில் திருக்கோகர்ணத்துக்குப் பக்கத்திலேயே தொழிற்பேட்டை வருகிறது என்றார்கள். முதலாளிகளுக்குச் சலுகை விலையில் ஷெட், கரண்டு, இரும்பு. நிலம் கொடுத்தவர்களுக்கு வீட்டுக்கு ஒரு வேலை. மேடை போட்டு, மாலை போட்டுச் சொன்னார்கள். மூக்காயியின் புருஷன் நாகராசு இருந்த ஒரே கடலைக் கொல்லையையும் கொடுத்துவிட்டு, காக்கிச் சட்டைகூடத் தைத்து வைத்துக்கொண்டான்.

வேலைதான் வந்தபாடில்லை. இப்போது அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. காலையில் மூன்றாம் நம்பர் ஷெட்டில் மோட்டார் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து உட்கார்ந்து, "கம்பெனி ஓடுதுல்ல? கூப்பிடுவாக" என்பான்.

அன்று மூக்காயி விடுவதாக இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கை கிழிய முள்கம்பி வேலிக்குள் புகுந்து, ஷெட்டுக்குள் ஓடினாள்.

உள்ளே ஓர் ஆள் இல்லை. ஒரு மெசின் இல்லை. மூலையில் ஒற்றை மோட்டார் மட்டும் தகரக் கூரை அதிரச் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

பின்னாலேயே ஓடிவந்த அடைக்கலம் அதை நிறுத்தினார்.

"எங்கண்ணே கம்பெனி?" என்றாள் மூக்காயி.

"கம்பெனியே இல்ல தாயி. இந்த ஷெட்டு பேரைச் சொல்லி சலுகையில வாங்குற இரும்பு, வழியிலயே கூடுதல் விலைக்குப் போயிருது. அதிகாரி பாக்க வார அன்னைக்கு மட்டும் மோட்டாரைப் போடச் சொல்லியிருக்காரு மொதலாளி."

"அப்ப தெனமும் ஓடுதே?"

அடைக்கலம் வேலிக்கு வெளியே கையைக் காட்டினார்.

"ஒருநா விடியக்காலையில ஒன் வீட்டுக்காரரு அந்தப் பாழுங்கெணத்து மேட்டுல நின்னாரு. ஓடிப்போயிப் புடிக்கிற தூரமில்ல. சட்டுன்னு மோட்டாரைப் போட்டேன். சத்தம் கேட்டு எறங்கி வீட்டுக்குப் போனாரு. அன்னையிலேருந்து தெனமும் போடுறேன். மொதலாளிக்குத் தெரிஞ்சா எனக்கிருக்க வேலையும் போயிரும்."

மூக்காயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன கொல்லை போனதுதான். வேலையும் இனி வரப்போவதில்லை.

சத்தம் நின்றதும் வீட்டிலிருந்து எழுந்து வந்த நாகராசின் குரல் வேலிக்கு வெளியே கேட்டது. "ஏ மூக்காயி, மெசின் நின்னுபோச்சே... என்னவாம்?"

"ஒண்ணுமில்லய்யா, வேலையாளுக டீ குடிக்கப் போயிருக்காக!" என்று வெளியே பார்த்துச் சத்தம் போட்டுவிட்டு, மூக்காயி தானே எழுந்து போய் சுவிட்சைப் போட்டாள்.