படிக்குக் கீழே ஒரு கடை

படியை உடைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

முதல் அடியிலேயே சுவர்க் கண்ணாடி அதிர்ந்தது. பல்லில் கடித்திருந்த நூலைப் பிலோமினா எடுத்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்ணுக்கு ஒரு புருவம்தான் முடிந்திருந்தது.

"என்ன சத்தம் பிலோமினாக்கா?"

பார்லர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கீழே நான்கு படிகளைக் காணோம். மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார்.

"பின்னாடி இரும்பு ஏணி போட்டிருக்கும்மா. இனிமே அதுலதான்."

அந்தப் பெண் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்கினாள். சாரத்தில் நின்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

இன்னொரு புருவத்துக்கு நாளைக்கு வருவதாகச் சொன்னாள்.

வரவில்லை. அந்த வாரம் யாருமே வரவில்லை.

பாலக்கரையில் அந்தக் கட்டடம் மூன்று வருடமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. ஓனர் தெய்வநாயகம் எதையும் மொத்தமாக இடிப்பதில்லை. முதலில் முகப்பு. பிறகு பின்சுவர். பிறகு மேலே ஒரு தளம். யாரையும் காலி செய்யச் சொன்னதுமில்லை. புழுதி தாங்காமல் துணிக்கடை போனது. குழாயில் தண்ணீர் நின்றதும் சலூன் போனது.

போகாமல் இருந்தது அவளும் ஜபருல்லாவும்தான்.

ஜபருல்லா படிக்குக் கீழே மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் போனதைப் பார்த்ததும், தன்னைக் காலி செய்யக் கூடாது என்று முன்கூட்டியே கோர்ட்டில் தடை வாங்கியிருந்தார்.

போன ஆடியில் தெய்வநாயகம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். புது வரைபடத்தை மேசையில் விரித்து, ரோட்டைப் பார்த்த பெரிய அறை ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

"இது உனக்குத்தாம்மா. பாய் கடையத் தொறக்கறதே இல்லைன்னு எழுதிக் குடு. அது போதும்."

கடை இரண்டு மாதம் மூடித்தான் கிடந்தது. பாயின் மனைவிக்கு வேலூரில் ஆபரேஷன். போகும்போது சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். யாராவது மிக்ஸி கேட்டு வந்தால் எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அவளும் கொடுத்தாள்.

ஒரு வருடமாக மூடிக் கிடக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தடை நீங்கியது. ஜபருல்லா சாமான்களை ஆட்டோவில் ஏற்றினார். மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள். அவர் மேலே பார்க்கவில்லை.

அவர் உட்கார்ந்திருந்தது தன் படிக்குக் கீழே, அவர் இருந்தவரை அந்தப் படியை யாரும் இடிக்க முடியாது என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

ஏணி வந்த பிறகு தெய்வநாயகத்திடம் போய் அந்தப் பெரிய அறையைக் கேட்டாள்.

"எந்த ரூம்மா?" என்றார்.

படிக்காக வழக்குப் போட வக்கீலைப் பார்த்தாள். அவள் தினமும் கடை திறந்ததை, அந்தப் படி வழியாகத்தான் ஆட்கள் வந்துபோனதைச் சொல்ல, அதே கட்டடத்தில் இருந்த ஒருவர் வேண்டும் என்றார் அவர்.

துணிக்கடைக்காரர் ஓனருக்குச் சொந்தம். சலூன்காரர் ஊரிலேயே இல்லை.

ஜபருல்லா இப்போது வீட்டு வாசலிலேயே வேலை பார்க்கிறார். அவளைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. காகிதத்தை நீட்டினாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். பேனா கேட்டார். கையெழுத்துப் போட்டார்.

"பாய்..."

"எல்லாம் உண்மையாத்தானே எழுதியிருக்கீங்க. போடறதுக்கு எனக்கென்னக்கா?"

பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவர் மனைவியின் குரல் மெதுவாக வந்தது.

"யாருங்க வந்திருக்கறது?"

ஜபருல்லா நிமிர்ந்தார். பிலோமினாவே சொல்லட்டும் என்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்தார்.