புதுப்பெண்ணுக்கு என்ன பால்?

வாயை இறுக மூடிக்கொண்டாள்.

இப்போது கிண்ணம் வரும். அதில் பசும்பால் இருக்கும். நசுக்கிய ரஸ்தாளிப் பழமும் சர்க்கரையும் கிடக்கும். தாலி ஏறி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை வீட்டில் முதல் வாய் பாலும் பழமும்தான். சின்னமனூரில் எந்தப் பெண்ணும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை.

அவள் சொல்லப்போகிறாள்.

ஒன்பது வருஷம். பால் இல்லை, தயிர் இல்லை, நெய் இல்லை. அது கன்றுக்குச் சேர வேண்டியது என்று ஒருநாள் மனசில் பட்டது. பட்டது பட்டதுதான்.

பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கல்யாண வீடு என்றால் ரசத்தோடு இலையை மூடுவாள். டீக்கடை என்றால் வரக்காப்பி. ஆபீசில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் எல்லோருக்கும் கேக், அவளுக்கு மட்டும் கடலை மிட்டாய். அதிலும் பெரியம்மா ஒருத்தி ஆசை ஆசையாக மைசூர்பாகு கிண்டிக்கொண்டு வந்து, "பாலே ஊத்தலடி, பூராவும் நெய்தான்" என்றாளே! அன்றைக்குச் சிரிப்பதா அழுவதா?

வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

இத்தனை வருஷத்தில் பந்தியில் அவள் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

பக்கத்தில் மாப்பிள்ளை பாண்டீஸ்வரன் மாலைக்குள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வீட்ல நான் சொல்லிக்கிறேன்" என்று சத்தியம் பண்ணியவன். சொன்னானா இல்லையா, கடவுளுக்கே வெளிச்சம்.

வாசல்படியில் அவளுடைய அப்பா நின்றார். காரில் வரும்போது, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும், தாயி" என்றிருந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முகத்தைத் திருப்பினால் அவர் தலை குனியும். திருப்பாவிட்டால் ஒன்பது வருஷமும் ஒரு கரண்டியில் போகும்.

"ஒரு சொட்டுல என்னத்தா குறைஞ்சுபோகுது?"

பாண்டியின் சின்னத்தை. யாரும் கேட்காமலே ஆரம்பித்துவிட்டாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் புதுப்பெண்ணையே பார்த்தார்கள்.

ஊட்டப்போவது நாத்தனார். பாண்டியின் அக்கா, அவளுக்கு மதினி. மளிகைக்கடை மரகதம் என்றால் கடைத்தெருவே கொஞ்சம் ஒதுங்கி நடக்கும். நிச்சயதார்த்தத்தில் புதுப்பெண் பாயசத்தை ஒதுக்கியபோது மதினி ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். விருட்டென்று போய்விட்டாள். அன்று போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை.

அடுக்களைக் கதவு திறந்தது.

மதினி தாம்பாளத்தோடு வந்தாள். வந்த வேகத்தில் முன்னால் வைத்தாள்.

மூன்று கிண்ணங்கள்.

"இது பாதாம். இது ஓட்ஸ். அது சோயா. மூணுலயும் மாடும் இல்ல, மண்ணும் இல்ல. அட்டைப்பெட்டியில எழுதியிருக்கிறத நானே கண்ணாடி போட்டுப் படிச்சுட்டேன்."

சின்னத்தைக்குப் பொறுக்கவில்லை.

"இதெல்லாம் ஒரு பாலாடி?"

"ஆப்பத்துக்குத் தேங்காப்பால் ஊத்திச் சாப்பிடுறீங்களே, அது எந்த மாட்டுல கறந்தது?"

கூடம் கொல்லென்று சிரித்தது. சின்னத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

மதினி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பாயசத்த நீ வேணாம்னப்ப எனக்குக் கோவந்தான் வந்துச்சு. பொய் சொல்லக்கூடாது. அப்புறம் இந்தப் பய வந்து விவரம் சொன்னான். சரி, ஒரு பெட்டி போட்டுப் பாப்போம்னு கடையில வாங்கி வச்சேன். ஒரே வாரத்துல காலி. பூராம் நம்ம ஊரு சனம்! இப்ப கடை அலமாரியில ஒரு தட்டு முழுக்க இதுதான். கடலைத் தயிர்கூட வருது."

கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"உனக்கு எது பிடிக்கும்னு இவன்கிட்டக் கேட்டா, திருதிருன்னு முழிக்கிறான். நீயே சொல்லு. எது வேணும்?"

எது வேணும்.

பழக்கதோஷத்தில் "வேண்டாம்" தொண்டை வரைக்கும் வந்தது. அப்படியே விழுங்கினாள்.

இப்படி ஒரு கேள்வியை விருந்து வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரியும். எது என்று சொல்லத் தெரியவில்லை. மூன்று கிண்ணங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. சந்தோஷம்தான், வேறென்ன.

கூடம் காத்திருந்தது. அப்பா படியிலிருந்து ஓரடி உள்ளே வந்துவிட்டார்.

"ஆளுக்கு மூணு கரண்டி ஊட்டுறதுதான முறை, மதினி?"

"ஆமா."

"அப்ப மூணுலயும் ஒவ்வொண்ணு."

"அடி என் ராசாத்தி!" என்றாள் மதினி. யாரோ குலவை போட்டார்கள். பாண்டி மாலையைத் தளர்த்திக்கொண்டு நிம்மதியாக மூச்சு விட்டான்.

முதல் கரண்டி ஓட்ஸ். பரவாயில்லை.

இரண்டாவது சோயா. முகம் கொஞ்சம் சுளித்தது. மறைக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் இன்றைக்கு அவளுக்கு வசதி இருந்தது.

மூன்றாவது பாதாம். பழமும் சர்க்கரையும் கலந்து நாக்கில் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

முறை முடிந்தது. அடுத்த சுமங்கலிக்கு இடம்விட மதினி எழுந்தாள்.

அவள் மதினியின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"பாதாம்ல இன்னொரு கரண்டி."

நாலாவது கரண்டி என்று ஒன்று எந்தச் சடங்கிலும் கிடையாது.

மதினி மறுபடி உட்கார்ந்தாள்.