ஐந்து உறை வால்முடி

லாரிப் பலகையில் ஏறிய செவலைப் பசுவின் கயிற்றைப் பாய்ந்து பிடித்து இழுத்தாள் பூங்கோதை.

“விடும்மா. இந்த மரபணு இருக்கிற மாட்டையெல்லாம் புதுக் காய்ச்சல் அடிக்குது, அழிச்சே ஆகணும். உன் அஞ்சுக்கும் அச்சு அசல் ஒரே மரபணு” என்றார் கால்நடை ஆய்வாளர்.

“கண்ணைத் தொறந்து பாருங்க சார்! ஒண்ணு செவலை, ஒண்ணு கறுப்பு, ஒண்ணு மயிலை...”

“நிறம் கெடக்கட்டும். போன வருசம் மரபணுச் சோதனைக்கு நீயே அனுப்பின வால்முடி பொய் சொல்லுமா?”

பூங்கோதை கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். அவளுடையதைப் போலப் பால் குறைந்த இன மாட்டை வளர்க்க அனுமதியில்லை. உண்மையைச் சொன்னாலும் இதே லாரிதான். அதற்குப் பயந்துதானே, இப்போது லாரிக்குள் நிற்கும் எதிர்வீட்டுக் கறவை மாட்டின் வால்முடியை ஐந்து உறைகளிலும் போட்டு அனுப்பினாள்!