வேறு எஞ்சின்

மறுபடியும் தேய்த்துப் பார்த்தார்.

எஞ்சினில் பொறித்த எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண் தாளில் ஏறிவரும். பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசில் அதைத்தான் கேட்பார்கள்.

மூன்றாவது தாளிலும் அதே எண்தான் வந்தது.

அது அவருடைய எண் இல்லை.

அவருடைய எண் பர்சில் இருந்தது. மில் முதலாளி அவரை டிரைவராகச் சேர்த்த வாரம்தான் அம்பாசிடரும் புதிதாக வந்தது. அன்று தன் கையால் தேய்த்தெடுத்தவை இரண்டு தாள்கள். ஆபீசுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. கல்யாணப் போட்டோவை எங்கோ தொலைத்த மனிதர், இதைத் தொலைக்கவில்லை.

முப்பத்தைந்து வருடம் ஓட்டிய வண்டி. முதலாளி காலமான பிறகு ஷெட்டில் தூசி பிடித்துக் கிடந்ததை, போன வாரம்தான் அவர் மகன் நந்தகோபாலிடம் கேட்டு விலைக்கு வாங்கினார். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. இந்த வயதில் இது தேவையா என்று கேட்காத ஆள் தெருவில் பாக்கி இல்லை. எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"வண்டி யாருதா வேணா இருக்கட்டும். எஞ்சின் என்னுது."

இப்போது அந்த எஞ்சினே இல்லை.

காலையில் நந்தகோபாலுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். நல்ல எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு, எதையோ என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றார். உங்கப்பா இருந்திருந்தால் இது நடக்குமா என்றும் கேட்டார்.

நந்தகோபால் தாழ்ந்த குரலில்தான் பேசினான்.

"தப்பு எங்க மேலதானுங்ணா. வண்டிய எங்க வூட்டுலயே உட்டுருங்க. பணத்தைத் திருப்பிக் குடுத்தர்றேன்."

ஒரு மறுப்புகூட இல்லை. அதுதான் அவரை இன்னும் கொதிக்க வைத்தது.

நேராக உக்கடத்தில் இருந்த மெக்கானிக் பட்டறைக்கு வண்டியை விட்டார். வழியெல்லாம் சத்தம் சரியில்லை. ஒவ்வொரு கியருக்கும் யாரோ வேற்றாள் இருமுவது போலிருந்தது. இது எந்த வண்டியிலிருந்து பிடுங்கிய எஞ்சின் என்று தெரிய வேண்டும். அதை நந்தகோபால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் சாவியை வீசுவது.

சம்சுதீன் பாய் முதல் நாளிலிருந்து இந்த வண்டிக்கு வேலை பார்த்த மெக்கானிக். பானெட்டைத் திறந்தார். ஒரு பார்வைதான். மூடிவிட்டார்.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ சொன்னார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"என்ன பாய், எந்த வண்டியோடது?"

பாய் ஆர்.சி. புக்கைக் கேட்டார்.

அது சட்டைப் பையிலேயே இருந்தது. காலையில் அதைத் திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை. எத்தனை செக்போஸ்ட், எத்தனை போலீஸ்காரர்களிடம் நீட்டியிருப்பார். நீட்டியதோடு சரி. எந்த டிரைவர் தன் வண்டியின் புத்தகத்தை உட்கார்ந்து படிக்கிறான்?

பாய் ஒரு பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார்.

பழைய எண்ணைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். பக்கத்தில், காலையில் மூன்று தாளிலும் ஏறிவந்த எண். கீழே எஞ்சின் மாற்றம் என்று முத்திரை. தேதி, எண்பத்தெட்டு மே.

ஊட்டி சீசன்.

அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பர்லியாறு தாண்டியதும் சூடு காட்டும் முள் கிடுகிடுவென்று ஏறியது. முதலாளி நிறுத்தச் சொன்னார். அதெல்லாம் போய்விடலாம் என்று இவர் இன்னும் இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏற்றினார். மூன்றாவதில் வண்டி நின்றது. ரேடியேட்டர் குழாய் போய்விட்டது என்றுதான் இவரிடம் சொன்னார்கள். பாயின் பட்டறையில் பத்து நாள் கிடந்து வந்தது. வந்த அன்றே முதலாளி வீட்டு வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நம்ம எஞ்சின் சிங்கம் என்றார் இவர். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பெருமையில் சிரிப்பதாக நினைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு சூட்டுல எஞ்சின் இறுகிப் புடிச்சு, பிளாக்கே விரிசல் உட்ருச்சுங்ணா," என்றார் பாய். "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு பெரியவரு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. தெரிஞ்சா வெக்கத்துல வேலைய உட்டுட்டுப் போயிருவான்னாரு. வூட்டுலயும் அத்தனை பேருக்கும் அதே உத்தரவு."

ஒன்பது வருடம் அந்த எஞ்சின். இருபத்தாறு வருடம் இது.

டீயில் ஆடை படிந்தது.

வெட்கமாக இருந்தது. வந்த விருந்தாளி ஒருவர் விடாமல் பிடித்து நிறுத்திப் பெருமை அடித்திருக்கிறார். கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே அசதி. அன்று பின்சீட்டில் இருந்த பன்னிரண்டு வயதுப் பையன்தான் நந்தகோபால். இன்று காலை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தப்பித்திருக்கலாம். திருடன் என்று பேர் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டான்.

போனை எடுத்தார்.

"தம்பி, நாந்தானுங்க. நம்பரு சரியாத்தான் இருக்குதுங்க. கண்ணாடி போடாம பாத்துப்போட்டேன். வயசாயிருச்சு."

பாய் தலையைத் திருப்பிக்கொண்டார்.

மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"அது உங்க எஞ்சின்தானுங்ணா. அதுல யாரும் கை வெக்கல. நீங்க நிம்மதியா ஓட்டுங்க."

"சரிங்க, முதலாளி," என்றார் அவர்.

நந்தகோபாலை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.