ஓய்வறையில் ஒரு பொதுக்கூட்டம்

"கதவைச் சாத்து டெல்மா. ரோஜர் காதுல விழுந்தா எல்லாம் கெட்டுடும்."

வெளியே காபி இயந்திரத்தில் காசு போட்டுக்கொண்டிருந்த ரோஜரின் காதில் அது நன்றாகவே விழுந்தது. அமெரிக்காவின் டொலிடோ நகரத்து ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவை ஆலைக்கு அவன்தான் மேனேஜர். காபியை மறந்துவிட்டு, ஓய்வறைக் கதவின் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டான்.

உள்ளே, விரிப்பு மடிக்கும் பிரிவின் லொரெட்டா எல்லோரையும் நாற்காலிகளில் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு பேருக்குக் குறையக் கூடாது டெல்மா. எண்ணிப் பாரு."

"அஞ்சுதான் இருக்கு. டிரைவர் ஹெக்டரையும் இழுத்துட்டு வந்துடறேன்."

"வந்ததும் சாண்ட்விச்சைக் கீழ வைக்கச் சொல்லு. அவன் மெல்லுற சத்தம் ஊருக்கே கேக்கும்."

வேலைநிறுத்தத்துக்கு ஆள் சேர்க்கிறாள்! போன வருஷம் டேட்டன் கிளையில் இப்படித்தான் ஆரம்பித்தது. அங்கே மேனேஜராக இருந்தவன் இப்போது கார் கழுவிக்கொண்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை முதலாளியம்மா வேறு இங்கே வருகிறாள். அந்த நேரம் பார்த்து இயந்திரங்கள் நின்று கிடந்தால், டேட்டன்காரனுக்குத் துணையாக ரோஜரும் ஒரு வாளியைத் தூக்க வேண்டியதுதான்.

லொரெட்டா மீது அவனுக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் லாட்டரிச் சீட்டைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். இவள் மட்டும் தடித்தடியாகப் புத்தகம் படிப்பாள். ஒருநாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். பிரெஞ்சுப் புரட்சி! அன்றே சுதாரித்திருக்க வேண்டும்.

டெல்மா பின்வாசல் வழியாக ஹெக்டரை இழுத்து வந்து உட்காரவைத்தாள். லொரெட்டா தன் கைபேசியைக் கெச்சப் பாட்டிலில் சாய்த்து நிறுத்தினாள். படம் வேறு பிடிக்கிறாளா? ஊர் பூராவும் பரப்பப் போகிறாளா? ரோஜருக்கு வியர்த்துக் கொட்டியது.

"நண்பர்களே!" என்றாள் லொரெட்டா. என்ன சொல்கிறாள் என்றே தெரியாமல் முணுமுணுக்கிற பெண், இன்று கணீரென்று ஆரம்பித்தாள். "இஸ்திரி மெஷினுக்குப் பக்கத்துல இருக்கிற ஃபேன் போன கோடையில நின்னுது. இன்னும் சுத்தல. விரிப்பு காயணும்னா காத்து விடறாங்க. அதை மடிக்கிற மனுஷிக்குக் காத்து வேண்டாமா? கால் மணி நேரத்துல சாப்பிடுன்னா, நாம என்ன கோழியா, கொத்திட்டு ஓடறதுக்கு?"

இஸ்திரி பக்கமே எட்டிப் பார்க்காத ஹெக்டர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கதவுக்கு வெளியே ரோஜரும் கைக்குட்டையை எடுத்தான். வியர்வையைத் துடைக்கவா, கண்ணைத் துடைக்கவா என்று அவனுக்கே தெரியவில்லை.

"அதனால சொல்றேன்! இன்னைக்கு நாம எல்லாரும் ஒண்ணா எழுந்திரிச்சு..."

கதவைத் தள்ளிக்கொண்டு ரோஜர் உள்ளே பாய்ந்தான்.

"எழுந்திரிக்காதீங்க! யாரும் எழுந்திரிக்காதீங்க! திங்கக்கிழமை புது ஃபேன் வந்துடும்!"

எல்லோரும் திரும்பி அவனையே பார்த்தார்கள். போதவில்லை போலிருக்கிறது என்று ரோஜர் நினைத்துக்கொண்டான்.

"ரெண்டு ஃபேன்! சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்! நான் வாக்குக் குடுக்கறேன், போதுமா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும் லொரெட்டா, இதோட விட்டுடுங்க!"

அறை அதிரக் கைதட்டினார்கள். ஹெக்டர் மேஜையில் தாளம் போட்டான். லொரெட்டா மட்டும் நாற்காலியில் தொப்பென்று விழுந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழாதீங்க லொரெட்டா. கேட்டதெல்லாம் கெடைச்சாச்சே!"

"யாரு உங்களை உள்ள வரச் சொன்னது?" என்று அவள் சீறினாள். "இன்னும் ஒரே நிமிஷம்! ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா முடிச்சிருப்பேன்!"

"எதை முடிச்சிருப்பீங்க?"

"என் பரீட்சையை! ஆறு வருஷமா வேலையும் பாத்துக்கிட்டு, காலேஜுல ஒவ்வொரு பாடமா தேறிட்டு வர்றேன். வரலாறு, தத்துவம், இலக்கியம், எல்லாம் ஆச்சு. இந்த மேடைப்பேச்சு ஒண்ணு தேறிட்டா கலைப் பட்டம் கைக்கு வந்துடும். ஆறு பேரை எதிர்ல உக்கார வச்சு, அவங்க மனசை மாத்தற மாதிரி, தடங்கல் இல்லாமப் பேசிப் பதிவு பண்ணி அனுப்பணும். நடுவுல வந்து குட்டையைக் குழப்பிட்டீங்களே!"

ரோஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சிரித்தான்.

"அட, பரீட்சைதானா? அப்படின்னா அந்த ஃபேன் விஷயம்... அதைச் சும்மா ஒரு பேச்சுக்கு..."

கெச்சப் பாட்டிலில் சாய்ந்திருந்த கைபேசியை டெல்மா எடுத்து அவனிடம் காட்டினாள். "எல்லாம் பதிவாயிருக்கு. ரெண்டு ஃபேன், அரை மணி நேரம்."

ரோஜரின் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. லொரெட்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள்.

"ஃபேனைத்தான் குடுத்துட்டீங்களே, அதைப் பத்தி இனி என்னத்தப் பேசறது? நாளைக்கு சம்பள உயர்வு பத்திப் பேசறேன். நீங்களும் வந்து உக்காருங்க."