பதினோரு வாரப் பிரசங்கம்

முகாம் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். பெஞ்சின் இடது ஓரத்தில் சமையல்காரச் சிப்பாய், வலது ஓரத்தில் தபால் வண்டி ஓட்டும் சிப்பாய், எதிரே மேசையில் படைக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுப்பவர்.

“எழுதுங்கய்யா. எங்க போதகரை மாத்தணும். ஒம்பது வாரமா அரைச்ச மாவையே அரைக்கிறாரு” என்றான் சமையல்காரன்.

“பதினோரு வாரம். புகார்ல பொய் இருக்கக்கூடாது” என்றார் எழுதுபவர்.

“கூட இருந்தவன் செத்துட்டான், ஏன்னு கேட்டா வசனம் சொல்றாரு” என்றான் ஓட்டுநர்.

எழுதுபவரின் பேனா நின்றது. “அவருக்கே பதில் தெரியாதுன்னு சேர்த்துக்கவா?”

“சேருங்க. வேற யாராவது எழுதினா பூசி மெழுகிடுவாங்க. நீங்கதான் சொன்னதைச் சொன்னபடி எழுதுவீங்க.” ஓட்டுநர் சலிப்போடு எழுந்தான். “தெரியாததைத் தெரியாதுன்னு இங்க ஒத்துக்கிறீங்க. ஞாயித்துக்கிழமை மேடை ஏறினா மட்டும் ஏங்கய்யா வேற ஆளாயிடுறீங்க?”

போதகர் கடிதத்தை எழுதி முடித்தார். கடிதத்தின் அடியில் ‘அத்தனையும் உண்மை’ என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். உறையை நிதானமாக ஒட்டி, தபால் வண்டியில் சேர்க்கச் சொல்லி ஓட்டுநர் கையிலேயே கொடுத்தனுப்பினார்.